18 வயது முடிந்தபிறகு எந்த அணி? கால்பந்தில் ஜூனியரிலிருந்து சீனியருக்குப் போகும் பசங்களை எங்கே சேர்ப்பது

வடசென்னை_கோச்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதிலிருந்து நம்மிடம் ஆடுகிற பசங்களில் நாலு பேர் இந்த சீசனோடு ஜூனியர் வயதைத் தாண்டுகிறார்கள். ஒரு ஸ்டாப்பர் (நடுவில் நிற்கிற தடுப்பாட்டக்காரன்), நல்ல உயரம், மேலே வருகிற பந்து எல்லாம் அவன் தலைக்குத்தான். ஒரு விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குகிறவன்), இப்போதைக்கு வேகம் மட்டும்தான் சொத்து. ஒரு நடுக்களப் பையன், நாலு பேரிலும் மூளைக்காரன், ஆனால் 53 கிலோதான் இருக்கிறான். அப்புறம் ஒரு கீப்பர். பிளஸ் டூ முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் பையனுக்கு ஹாஸ்டலும் போய்விடும், வேளாவேளைக்குச் சாப்பாடும் போய்விடும், கோச்சும் போய்விடுவார். எல்லாம் ஒரே மாதத்தில்.

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்பின் அண்டர் 21 அணி டிரயல்ஸுக்கு அனுப்பலாம், சென்னை லீக்கில் ஏதாவது அலுவலக அணியிலோ சின்ன கிளப்பிலோ சேர்க்கலாம், இல்லை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ். எது பெரிய பெயர் என்பது எனக்கு முக்கியம் இல்லை. எங்கே போனால் பையன் 22 வயதிலும் பந்தாடிக்கொண்டிருப்பான், அதைச் சொல்லுங்கள்.

பழைய_ஸ்டாப்பர்:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, பெரியவர்களோடு ஆடவிடு. ஐ.எம். விஜயன் 17 வயதில் கேரளா போலீஸ் டீமுக்குப் போனவர். அந்த டீம்தான் 1990இல் ஃபெடரேஷன் கப்பைத் தூக்கியது. பாய்ச்சுங் பூட்டியா 1993இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது அவருக்கு 16 வயது. சுனில் சேத்ரி 2002இல் மோகன் பகானில் சேர்ந்தபோது 17. இவர்கள் யாரும் அண்டர் 21 லீக் ஆடிவிட்டு மேலே வரவில்லை.

நம் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், கஸ்டம்ஸ், இன்கம்டாக்ஸ், ஏஜி ஆபீஸ் என்று டீம்கள் இருந்தன. பையன் முதலில் வேலை இல்லாமல் கெஸ்ட் பிளேயராக வருவான், ரெண்டு சீசன் ஆடுவான், நன்றாக ஆடினால் வேலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு 30 வயது, கல்யாணமாகி ரெண்டு குழந்தை. அவன்தான் இவனுக்குக் கற்றுக்கொடுப்பான்.

ஜூனியர் மேட்ச் கார்னரில் பையன் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சீனியர் மேட்சில் அப்படி நின்றால் கதை முடிந்தது. எதிரணி ஃபார்வர்டு வந்து முதலில் உன் பூட் மேல் மெதுவாகத் தன் காலை வைப்பான், ரெஃப்ரிக்குத் தெரியாது. முழங்கையை விலாவில் சாய்ப்பான். காதுக்குள் ‘எந்த ஸ்கூல் தம்பி’ என்று கேட்பான். நீ பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது பந்து வலைக்குள் இருக்கும். இதை எந்த அகாடமியிலும் சொல்லித்தர முடியாது.

கேலரி_கிறுக்கன்:
அண்ணே, நீங்கள் சொன்ன மூன்று பேரும் இந்தியக் கால்பந்து பார்த்த ஆகப்பெரிய ஃபார்வர்டுகள். 17 வயதில் சீனியரில் தள்ளி, 19இல் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பசங்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஜெயித்தவனை மட்டும் வைத்து வழி சொல்லக்கூடாது.

இதற்காகவே நம் நாட்டில் ஒரு சோதனை நடந்தது, இண்டியன் ஆரோஸ். கால்பந்து சம்மேளனமே 2010இல் இளம் பசங்களை வைத்து ஒரு அணி அமைத்து, அப்போது நாட்டின் முதல் நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கில் இறக்கியது. நடுவில் பைலன் ஆரோஸ் என்று ஓடி 2013இல் மூடினார்கள். 2017 அண்டர் 17 உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்ததல்லவா, அந்தப் பசங்களை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி திறந்தார்கள். முதல் மேட்சே நம்ம சென்னை சிட்டி கிளப்போடு, கோவாவில், 3-0 ஆரோஸ் ஜெயித்தார்கள். எல்லாரும் ஆகா என்றோம். சீசன் முடியும்போது பத்து அணியில் பத்தாவது இடம்.

ஆனால் அந்தச் சீசனில் 18 லீக் மேட்ச் கிடைத்தது, அதுவும் முழுக்க பெரியவர்களுக்கு எதிராக. அந்த உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் கோல் போட்ட ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம் எல்லாம் அங்கே ஆடிவிட்டுத்தான் ஐஎஸ்எல்லுக்கும் இந்திய அணிக்கும் வந்தார்கள். 2022இல் அதையும் மூடிவிட்டோம். நமக்கு எதையும் பத்து வருடம் தொடர்ந்து செய்து பழக்கமில்லை.

பழைய_ஸ்டாப்பர்:
மூடியதில் எனக்கு வருத்தமே இல்லை. தோற்றாலும் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டியதில்லை என்று விதி. அப்படி ஒரு டீமில் ஆடுகிறவனுக்கு 89வது நிமிடத்தில் வயிற்றைக் கலக்குமா? அதுவும் டீம் முழுக்க ஒரே வயது. டிரஸ்ஸிங் ரூமில் திட்டுவதற்கு ஒரு பெரிய ஆள் இல்லை. சண்முகம் வெங்கடேஷ் மாதிரி முன்னாள் இந்திய கேப்டன் கோச்சாக வெளியே நின்றார், சரி, ஆனால் உள்ளே பக்கத்தில் நின்று ‘ஏறாதே, நில்லு’ என்று கத்துகிற ஸ்டாப்பர் ஒருத்தன் வேண்டாமா?

கேலரி_கிறுக்கன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். 4 சீனியர்களையாவது சேர்த்திருக்கவேண்டும். ஸ்பெயினில் பி அணிகள் (கிளப்பின் இரண்டாவது அணிகள்) பெரியவர்கள் லீகிலேயே ஆடுகின்றன, மேலே ஏறலாம், கீழேயும் இறங்கலாம், முதல் அணி இருக்கும் டிவிஷனுக்கு மட்டும் போகமுடியாது. புஸ்கெட்ஸும் பெட்ரோவும் 2007-08இல் குவார்டியோலா கோச்சாக இருந்த பார்சிலோனா பி அணிக்காக நாலாவது டிவிஷனில் ஆடியவர்கள். 2010இல் உலகக் கோப்பை ஜெயித்தார்கள். ஜெர்மனியில் முல்லர் 2008-09இல் பயர்ன் ரெண்டாவது அணிக்காக மூன்றாவது டிவிஷனில் ஆடினார், அடுத்த உலகக் கோப்பையிலேயே அதிக கோலுக்கான கோல்டன் பூட். 1980இல் ரியல் மாட்ரிட்டின் பி அணியான காஸ்டியா ஸ்பெயின் கோப்பை இறுதிவரை வந்து, அங்கே யாரைச் சந்தித்தது தெரியுமா? ரியல் மாட்ரிட்டையே. 6-1 உதை வாங்கியது. இதை எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

2004_பேட்ச்:
நான் ஒரு கிளப்பின் ரிசர்வ் அணியில் இருந்தவன், பெயர் வேண்டாம். உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கோச் சார் முடிவு செய்துகொள்ளட்டும்.

நல்லது நிறைய உண்டு. சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கும், பிசியோ இருப்பார், ஜிபிஎஸ் பனியன் போட்டு எவ்வளவு ஓடினாய் என்று பார்ப்பார்கள், உன் மேட்ச் வீடியோவை உட்காரவைத்துக் காட்டுவார்கள். இதெல்லாம் லோக்கல் கிளப்பில் கனவு. பிரச்சினை மேட்ச். ரிசர்வ் பசங்களுக்கான ரிலையன்ஸ் டெவலப்மென்ட் லீக் 2022இல் கோவாவில் தொடங்கியபோது மொத்தம் 8 அணி, ஆளுக்கு 7 மேட்ச். அப்புறம் பெரிதாக்கினார்கள், இப்போது பரவாயில்லை, ஆனாலும் சீசன் சின்னதுதான். மிச்ச மாதமெல்லாம் பிராக்டிஸ்தான். மெயின் டீமில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், போனால் அவர்கள் பிரஸ்ஸிங் (முன்னேறி நெருக்கிப் பந்தைப் பறிப்பது) பழக எதிரே நிற்கவேண்டும். வெயிலில் நிற்கிற கோன் மாதிரிதான், கோனுக்குத் திட்டு விழாது, நமக்கு விழும்.

முன்னாடி ஐஎஸ்எல் கிளப்களின் பி அணிகள் ஐ-லீக் செகண்ட் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தன, சென்னையின் எஃப்சி பி, பெங்களூரு பி, கேரளா பிளாஸ்டர்ஸ் பி எல்லாம். மேலே ஏற முடியாது என்றாலும் எதிரே நிற்கிறவன் வளர்ந்த ஆள், அவனுக்கு ஜெயித்தே ஆகவேண்டும். எனக்கு முந்தைய செட் பசங்கள் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, எந்த இடத்தில் ஆடுகிறான் என்று பாருங்கள். ஐஎஸ்எல்லில் 2021-22 முதல் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டுக்காரர்கள்தான் களத்தில் இருக்கலாம். அந்த 4 பேரும் பெரும்பாலும் எங்கே நிற்பார்கள்? சென்டர் ஃபார்வர்டு, அவனுக்குப் பின்னால் பத்தாம் நம்பர், நடு ஸ்டாப்பர். நான் ஸ்கூலில் சென்டர் ஃபார்வர்டு, ரிசர்வ் டீமுக்குப் போன ஆறே மாதத்தில் என்னை விங் பேக் ஆக்கிவிட்டார்கள். விங்கருக்கும் ஃபுல் பேக்குக்கும்தான் நம் பசங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது.

வடசென்னை_கோச்:
இது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. அப்படியானால் விங்கரை அனுப்பலாம், ஸ்டாப்பரை அனுப்பக்கூடாது என்கிறாயா?

2004_பேட்ச்:
அனுப்பினால் லோன் (கொஞ்ச நாள் வேறு கிளப்பில் ஆட விடுவது) பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள் சார். ‘சீசன் பாதியில் இடம் இல்லையென்றால் கீழ் டிவிஷன் லீக் அணி எதற்காவது விடுவோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. என்னை ஒரு வருடம் ஆடவும் வைக்கவில்லை, வெளியே போகிறேன் என்றால் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம்) தரவில்லை. சம்மேளனத்தின் ஆட்டக்காரர் பதிவான சிஆர்எஸ்ஸில் பெயர் அவர்களிடம் இருக்கிறவரை வேறு எந்தக் கிளப்பும் பதிய முடியாது. 19 வயதில் ஒரு சீசன் போனால் அது திரும்ப வராது.

கேலரி_கிறுக்கன்:
லோன் என்றதும் எல்லாருக்கும் இங்கிலாந்து ஃபார்வர்டு ஹாரி கேன் ஞாபகம் வரும். லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நாலு இடம். அதில் மில்வால்தான் உருப்படியாக அமைந்தது, நார்விச்சில் கால் எலும்பு உடைந்தது, லெஸ்டரில் பெஞ்ச். 2013 பிளே ஆஃபில் லெஸ்டர் பெஞ்சில் கேனும் ஜேமி வார்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற போட்டோ இன்றும் சுற்றுகிறது. வார்டியை 16 வயதிலேயே ஷெஃபீல்டு வென்ஸ்டே கழற்றிவிட்டது, அவர் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டே ஃபேக்டரி வேலைக்குப் போனவர். அதனால் லோன் அனுப்பினால் போதும் என்று இல்லை. எந்தக் கோச் கேட்டான், எதற்குக் கேட்டான், அந்த இடத்தில் அவனிடம் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், இதைக் கேட்காமல் அனுப்பினால் ஊர் மாறும், பெஞ்ச் மாறாது.

பிசியோ_அக்கா:
இவ்வளவு நேரம் யாருமே உடம்பைப் பற்றிப் பேசவில்லை என்பதால் உள்ளே வருகிறேன். நான் சிகிச்சை தருகிற 17-19 வயதுப் பசங்களில் நிறையப் பேர் ‘பெரிய மேட்சில் அடிபட்டு’ வருவதில்லை. ஒரே வாரத்தில் காலேஜுக்கு ஒரு மேட்ச், கிளப்புக்கு ஒரு மேட்ச், ஞாயிற்றுக்கிழமை தெரிந்த அண்ணன் கூப்பிட்டார் என்று ஏதோ டோர்னமென்ட். நடுவில் மூன்று இடத்திலும் பிராக்டிஸ். மூன்று கோச்சுக்கும் மற்ற ரெண்டு பேர் என்ன ஓடவைத்தார்கள் என்று தெரியாது. ஹேம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) என்ன செய்யும் பாவம்.

பழைய ஸ்டாப்பர் அண்ணன் சொல்வது சரிதான், பெரியவர்களோடு ஆடவேண்டும். முதல் நாளிலிருந்தே 90 நிமிடம் ஆடவேண்டும் என்பதில்லை. கடைசி 20 நிமிடத்தில் ஆரம்பித்து ஒரு சீசனில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

அந்த 53 கிலோ பையனைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். தயவுசெய்து மூன்று மாதத்தில் சதை போடு என்று ஜிம்முக்கு அனுப்பிப் பவுடர் வாங்கிக்கொடுத்து விடாதீர்கள். சில பசங்களுக்கு வளர்ச்சியே தாமதம். அப்பா உயரம், அண்ணன் எப்போது வளர்ந்தான் என்று விசாரியுங்கள். முட்டை, சுண்டல், மீன், ஒழுங்கான தூக்கம், வாரத்துக்கு ரெண்டு நாள் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கிற வெயிட் டிரெயினிங், ரெண்டு வருடம் போகட்டும். இத்தனை நாள் தன்னைவிடப் பெரிய பசங்களுக்கு நடுவே ஆடித் தப்பித்தவன் என்றால், பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இருக்கும். அதைத்தான் சீனியரில் தேடுவார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 15 வயதில் மீசையோடு எல்லாரையும் இடித்துத் தள்ளி கோல் போட்டவன் 19இல் காணாமல் போவான். சில பேருக்குச் சீக்கிரம் வளர்ந்த உடம்பு. சில பேருக்கு, உங்களுக்கே தெரியும், சர்டிஃபிகேட்.

பழைய_ஸ்டாப்பர்:
சர்டிஃபிகேட் கதையைக் கிளப்பாதேம்மா, ராத்திரி போய்விடும். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிற டெஸ்ட் வந்தபிறகுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வயதைக் குறைத்து ஜூனியரில் ஆடவைக்கிற கோச் அந்தப் பையனுக்குத்தான் முதல் துரோகம் செய்கிறான்.

தூத்தூர்_கரை:
எங்கள் பக்கம் வேறு ஒரு பிரச்சினை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கடற்கரை முழுக்கப் பந்துதான், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். 18 வயதில் பையன் கொஞ்சம் நன்றாக ஆடினால் மலப்புறத்திலிருந்து ஃபோன் வரும், செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம்) ஆட வா என்று. ஒரு ராத்திரி ஆடினால் கையில் காசு. மூங்கில் கேலரி நிறைய ஜனம், லைட், மைக். லோக்கல் லீகில் பஸ் காசுகூடக் கிடைக்காதபோது அவனை எப்படித் தடுப்பது?

செவன்ஸை நான் குறை சொல்லமாட்டேன். சின்ன இடத்தில் பந்து வைத்துக்கொள்ளவும் அடி தாங்கவும் அங்கே பழகலாம். ஆனால் ஓடுகிற முறை வேறு, இடம் பிடிக்கிற முறை வேறு, கிரவுண்ட் படு மோசம். சீசன் முழுக்க ராத்திரி ராத்திரி ஆடிவிட்டு வந்தவனைப் பதினொருவர் ஆட்டத்தில் நிறுத்தினால் இருபது நிமிடத்தில் இடுப்பில் கை வைக்கிறான்.

எங்கள் ஊர் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சிட்டிக்காக ஐ-லீக் ஆடி, 2018இல் ஐஎஸ்எல் அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது 23 வயது தாண்டிவிட்டது. 18இல் யாரும் எடுக்கவில்லை என்றால் கதை முடிந்தது என்று அழுகிற பசங்களிடம் நான் இதைத்தான் சொல்வது. சென்னை சிட்டி 2018-19இல் கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக்கையே ஜெயித்தது. அந்த டீமிலிருந்து எட்வின் வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும் ரோமாரியோ ஜேசுராஜ் எஃப்சி கோவாவுக்கும் போனார்கள். நம் மாநிலப் பசங்களுக்கு நடுப்படி என்று ஒன்று இருந்தது அந்த ஒரு கிளப்தான். இப்போது அதுவும் இல்லை.

கீப்பர்_அப்பா:
எல்லாரும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். என் மகன் கீப்பர், இதே வயது. நான் கேட்பது ஒன்றுதான் சார், 25 வயதில் அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்தார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே சம்பளம் வருமா வராதா என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பையனை எந்தத் தைரியத்தில் காலேஜ் வேண்டாம், கிளப்புக்குப் போ என்று அனுப்புவது? முன்பாவது பந்தாடினால் ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை கிடைக்கும் என்று ஒரு பிடிப்பு இருந்தது. அந்த வேலையும் இப்போது எத்தனை பேருக்கு வருகிறது?

வடசென்னை_கோச்:
சார், உங்கள் பயம் நியாயம். அதனால்தான் காலேஜையும் சேர்த்துக் கேட்டேன். காலேஜ் சேரட்டும், ஆனால் காலேஜ் மேட்ச் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் மறுபடி ஒரே வயதுப் பசங்களோடுதான் ஆடுவான், பல்கலைக்கழக ஜோனல் போட்டி முடிந்தால் வருடத்தில் பாதி காலி. அட்மிஷன் போடும்போதே ‘பையன் வெளியே லீக் ஆடுவான், அந்த நாளில் விடவேண்டும்’ என்று பி.டி. மாஸ்டரிடம் பேசிவிடவேண்டும். அப்புறம் கேட்டால் ஃபீஸ் சலுகையைக் காட்டி மிரட்டுவார்கள்.

பழைய_ஸ்டாப்பர்:
கீப்பர் விஷயம் தனி. மற்றவனை 70வது நிமிடத்தில் இறக்கலாம், கீப்பரை யார் இறக்குவார்? பெரிய கிளப்பில் மூன்றாவது கீப்பராக இருந்தால் வார்ம் அப்பில் மற்றவர்களுக்குப் பந்து உதைத்துக்கொண்டே வயது போய்விடும். எவ்வளவு கீழ் டிவிஷனாக இருந்தாலும் சரி, முதல் கீப்பராக ஆடுகிற இடத்துக்கு அனுப்பு. அவனுக்கு 30லும் வாழ்க்கை இருக்கிறது. படிக்கிறவனாக இருந்தால் காலேஜும் கீழ் டிவிஷனும் சேர்ந்தே போகும், அப்பாவும் தூங்குவார்.

2004_பேட்ச்:
ஒன்று மட்டும். ஜூனியரில் எங்கள் டீமில் நான்தான் எல்லாம், ஃப்ரீகிக்கும் நான்தான், கேப்டனும் நான்தான். சீனியருக்குப் போனதும் பிப்ஸ் (பிராக்டிஸில் மேலே போடுகிற பனியன்) அடுக்குகிற வேலை. அந்த முதல் மூன்று மாதம் யாரிடமும் பேசப் பிடிக்காது, வீட்டில் ‘நல்லா போகுது’ என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன். அப்போது பழைய கோச் ஒருத்தர் வாரம் ஒரு தடவை கூப்பிட்டு ‘எத்தனை நிமிஷம் ஆடினே, என்ன சொன்னாங்க’ என்று கேட்டாலே போதும். அனுப்பியபிறகு நம்பரை அழித்துவிடாதீர்கள் சார்.

வடசென்னை_கோச்:
சரிப்பா, கூப்பிடுகிறேன்.

இப்போதைக்கு நான் நினைப்பது இது. விங்கரை அண்டர் 21 டிரயல்ஸுக்கு அனுப்புகிறேன், லோன் விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்து. கீப்பர் காலேஜ், கூடவே முதல் கீப்பராக நிற்கிற மாதிரி ஒரு கீழ் டிவிஷன் கிளப். மூளைக்காரனை இன்னும் ஒரு வருடம் என்னிடமே வைத்துக்கொள்ளப் போகிறேன், காலை பிராக்டிஸில் நம் சீனியர் பசங்களோடு நிறுத்தி, மேட்சில் கடைசி 20 நிமிடம். வீட்டில் திட்டுவார்கள், சமாளிக்கலாம். ஸ்டாப்பரை அலுவலக அணிக்கு விடலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

பழைய_ஸ்டாப்பர்:
எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவனை அழைத்து வா, இடம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல், ஆதார், சிஆர்எஸ் நம்பர் மூன்றும் வேண்டும். நீளமான ஸ்டட் வேண்டாம், கிரவுண்ட் கல்லு மாதிரி இருக்கிறது, ரப்பர் ஸ்டட் போட்டு வரட்டும். எங்கள் டீமில் 34 வயதில் ஒரு ஃபார்வர்டு இருக்கிறான், அவனை இவன் மேல் விடுகிறேன், என்ன செய்கிறான் பார்ப்போம்.

பிசியோ_அக்கா:
அப்படியானால் திங்கட்கிழமை அவனை ஓடவிடாதீர்கள் கோச் சார். அண்ணே, நீங்களும் முதல் நாளே முழு மேட்ச் ஆடவைக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

பழைய_ஸ்டாப்பர்:
அரை மணி நேரம். சத்தியம்.